பறக்கும் பறவையைக் கூர்மையாகப் பிடிக்க: ஆட்டோஃபோகஸ் அமைப்புகள், படிப்படியாக

ஒரு ஜனவரி காலை, வேடந்தாங்கல் ஏரிக்கரை. வயல் பக்கமிருந்து ஒரு மஞ்சள் மூக்கு நாரை, அலகில் சுள்ளியோடு கூட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நல்ல வெயில், நல்ல உயரம், நேராக என்னை நோக்கியே வந்தது. இருபத்திரண்டு படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், அத்தனையிலும் பின்னால் நின்ற மரத்தின் இலைகள் நரம்பு தெரியும் அளவுக்குக் கூர்மை. நாரை மட்டும் கலங்கலாக இருந்தது.

கேமராவில் பழுது எதுவும் இல்லை. அதனிடம் நான் ஒன்றுமே சொல்லி வைக்கவில்லை என்பதுதான் பிரச்சினை. ஆட்டோஃபோகஸ் மெனுவில் இருக்கும் ஒவ்வொரு அமைப்பும் கேமரா நம்மிடம் கேட்கும் ஒரு கேள்வி. பறவை நகர்ந்தால் தொடரவா, நிறுத்தவா? படத்தில் எந்த இடத்தைப் பார்க்கட்டும்? நடுவில் ஒரு கிளை வந்தால் எவ்வளவு நேரம் பொறுக்கட்டும்? ஃபோகஸ் சேராதபோது நீ பட்டனை அழுத்தினால் எடுக்கட்டுமா, காக்கட்டுமா? நாம் பதில் சொல்லாவிட்டால் அது தன் வழக்கப்படி முடிவு செய்துகொள்ளும். அந்த வழக்கம் குடும்பப் படத்துக்கும் கோயில் கோபுரத்துக்கும் பொருந்தும், பறவைக்குப் பொருந்தாது.

எவ்வளவு நெருக்கடியான வேலை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பறவை ஒரு நொடியில் 10 மீட்டர் கடக்கிறது. உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவில் பட்டனை அழுத்தி, அந்தக் கண்ணாடி மேலே எழுந்து, ஷட்டர் திறப்பதற்குள் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு போய்விடும் என்று வையுங்கள். அதற்குள் பறவை அரை மீட்டர் முன்னால் வந்துவிட்டது. இன்னொரு பக்கம், ஏபிஎஸ்-சி (முழு அளவைவிடச் சிறிய) சென்சார் கேமராவில் 500 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 5.6-இல் வைத்து 15 மீட்டரில் இருக்கும் பறவையை எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 20 சென்டிமீட்டர். பறவை அரை மீட்டர் நகர்ந்துவிட்டது, நமக்குக் கிடைத்த இடமோ ஒரு சாண். அதனால் கேமரா பறவை இருக்கும் இடத்தை அளந்தால் போதாது, அடுத்து இருக்கப்போகும் இடத்தைக் கணித்தாக வேண்டும். அந்தக் கணிப்பைச் செய்யும் பயன்முறையைப் போட்டுவிடுவதுதான் முதல் படி.

படி 1: தொடர் ஃபோகஸ்

கேனன் டிஎஸ்எல்ஆரில் இதன் பெயர் ஏஐ சர்வோ, கண்ணாடி இல்லாத கேனன் மிரர்லெஸில் சர்வோ ஏஎஃப், நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. பெயர்தான் வேறு, வேலை ஒன்றே. பட்டன் அழுத்தியிருக்கும் வரை ஃபோகஸ் ஓடிக்கொண்டே இருக்கும், பறவையின் வேகத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒரு முறை ஃபோகஸ் செய்து நின்றுவிடும் முறைக்கும் இதற்கும் நடுவில் ஏஐ ஃபோகஸ், ஏஎஃப்-ஏ என்று ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். பறவை அசைகிறதா என்று கேமராவே யோசித்து முடிவெடுக்கும் முறை அது. அது யோசித்து முடிப்பதற்குள் பறவை போய்விடும். கூடவே பர்ஸ்ட்டையும் (பட்டனை அழுத்தியிருக்கும் வரை அடுத்தடுத்துப் படம் எடுப்பது) அதிவேகத்தில் வைத்துவிடுங்கள்.

படி 2: ஃபோகஸைக் கட்டை விரலுக்கு மாற்றுவது

ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் செய்வது கேமராவின் இயல்பு. அந்த வேலையைப் பின்பக்கம் கட்டை விரல் படும் ஏஎஃப்-ஆன் பட்டனுக்கு மாற்றிவிட்டால், ஆள்காட்டி விரலுக்குப் படம் எடுப்பது மட்டுமே வேலை. ஏஎஃப்-ஆன் பட்டன் தனியாக இல்லாத தொடக்கநிலை கேனன் உடல்களில் (லென்ஸ் நீங்கலான கேமரா) நட்சத்திரக் குறி பட்டனுக்கும், நிக்கானில் ஏஈ-எல்/ஏஎஃப்-எல் பட்டனுக்கும் இதை மாற்றலாம். ஷட்டர் பட்டனின் ஃபோகஸை அணைக்க மறந்துவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்து இயங்கினால் மாற்றியதில் பலனில்லை.

இது கட்டாயமில்லை, பழைய முறையிலேயே அருமையாக எடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் நான் பரிந்துரைப்பேன். உட்கார்ந்திருக்கும் பறவைக்குக் கட்டை விரலை எடுத்தால் ஃபோகஸ் அப்படியே நிற்கும், அது பறந்ததும் விரலை வைத்தால் தொடரத் தொடங்கும். முறையை மாற்ற மெனுவுக்குள் போக வேண்டியதில்லை. முதல் நாலைந்து நாள் விரல் குழம்பும், அப்புறம் யோசிக்காமலே வந்துவிடும்.

படி 3: எந்த இடத்தைப் பார்க்க வேண்டும்

பாதிக்கும் மேற்பட்ட படங்கள் தப்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். படத்தில் எவ்வளவு பரப்பில் கேமரா ஃபோகஸைத் தேட வேண்டும் என்று சொல்வது ஏரியா மோட். "பறவைக்கு எந்த ஏரியா மோட் நல்லது?" என்று கேட்பார்கள். பறவைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

பின்னால் வெறும் வானம் என்றால் பெரிய வட்டாரத்தைத் திறந்துவிடலாம். கேனனில் ஸோன் அல்லது பெரிய ஸோன், நிக்கானில் குரூப் ஏரியா அல்லது வைடு ஏரியா, சோனியில் ஸோன் அல்லது வைடு. வானத்தில் ஃபோகஸ் பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லை, ஆகவே கேமரா பறவைக்குத்தான் வந்து சேர வேண்டும்.

பின்னால் மரம், நாணல், சீமைக்கருவேலம், கட்டடம் எது இருந்தாலும் வட்டாரத்தைச் சுருக்குங்கள். ஃபோகஸ் சென்சார் தேடுவது வெளிச்ச வேறுபாட்டை. இலைகளுக்கு நடுவில் வெயில் விழும் மரத்தில் அது கொட்டிக் கிடக்கும். சாம்பல் நிறக் கூழைக்கடாவின் உடம்பில் மிகக் குறைவு. என் நாரை தோற்றுப்போனது இந்தப் போட்டியில்தான். இப்படிப்பட்ட இடத்தில் கேனனில் ஒரு புள்ளியோடு சுற்றுப் புள்ளிகள் சேர்ந்த விரிவாக்கம், நிக்கானில் டைனமிக் ஏரியாவில் மிகச் சிறிய எண் (டி500 என்றால் 25), சோனியில் எக்ஸ்பாண்ட் ஃப்ளெக்ஸிபிள் ஸ்பாட் சரியாக வரும். நடுப்புள்ளியில் பறவையை வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. ஒரு கணம் நழுவினால் சுற்றுப் புள்ளிகள் தாங்கிப் பிடிக்கும்.

ஒற்றைப் புள்ளி மட்டும் என்பது பறவைக்கு மிகக் கடினம். உட்கார்ந்திருக்கும்போது சரி, பறக்கும்போது பழகிய கைக்கே அடிக்கடி நழுவும்.

ஸோன், குரூப் ஏரியா இரண்டுக்கும் ஒரு குணம் உண்டு: வட்டாரத்துக்குள் எது மிக அருகில் இருக்கிறதோ அதற்கு முன்னுரிமை தரும். பறவை தூரத்தில் இருக்கும்போது இது நல்லதுதான், பின்னணி தானாக விலகிவிடும். ஆனால் ஒன்றரை மீட்டர் சிறகு விரித்த நாரை 15 மீட்டரில் பக்கவாட்டில் கடக்கும்போது, நம் பக்கத்துச் சிறகு நுனிதான் மிக அருகில் இருக்கும். ஃபோகஸ் அங்கே போய் உட்காரும், கண் கலங்கிவிடும். பெரிய பறவை அருகில் வந்தால் சிறு வட்டாரத்துக்கு மாறித் தலையைப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் எஃப் 8-க்கு அபெர்ச்சரை மூடி ஆழத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மேகமூட்டமான வானத்தில் கொக்கு பறந்தால் வெள்ளைக்குப் பின்னால் வெள்ளை, நெஞ்சில் புள்ளியை வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடும். கழுத்து வளைவிலோ சிறகும் உடம்பும் சேரும் விளிம்பிலோ வைத்துப் பாருங்கள், அங்கே ஒரு நிழற்கோடு இருக்கும்.

மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு

பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் கேமராக்கள் வந்தபின் இந்த வேலை நிறையவே மாறிவிட்டது. 2020-இல் வந்த கேனன் ஆர்5, ஆர்6, 2021-இல் வந்த சோனி ஆல்ஃபா 1 ஆகியவற்றுக்குப் பிறகு இந்த வசதி விலை குறைந்த உடல்களுக்கும் இறங்கி வந்திருக்கிறது. ஆனால் மெனுவில் எதைத் தேட வேண்டும் என்பதைப் பறவை அல்லது விலங்கு என்று நீங்களே தெரிவு செய்து வையுங்கள். மனிதர் என்று இருந்துவிட்டால் பறவையை அது பொருட்படுத்தாது.

இந்த வசதிக்கு ஒரு பலவீனம் உண்டு. லென்ஸ் மிகவும் தள்ளி ஃபோகஸ் ஆகியிருந்தால், கேமராவுக்குத் திரையில் தெரிவது ஒரு மங்கலான கறை மட்டுமே. அது பறவை என்று அதற்குத் தெரியாது. அப்போது பின்னால் இருக்கும் புல்லை இறுகப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. இதற்கு இரண்டு வழி. பறவை வரப்போகும் தூரத்தில் இருக்கும் ஏதாவது ஒன்றின் மேல் முன்கூட்டியே ஃபோகஸ் செய்து வைப்பது ஒன்று. லென்ஸ் வளையத்தைக் கையால் அருகுப் பக்கம் ஒரு திருப்புத் திருப்பிவிட்டு மறுபடி பட்டனை அழுத்துவது இன்னொன்று.

நான் இரண்டு பட்டன்களைப் பிரித்து வைத்திருக்கிறேன். ஏஎஃப்-ஆன் பட்டனில் முழுப் பரப்போடு கண் தேடல், பக்கத்துப் பட்டனில் சிறிய வட்டாரம். நாணலுக்குள்ளிருந்து எழும் பறவையை முதலில் சிறிய வட்டாரத்தால் பிடிக்கிறேன், அது உருவம் தெளிந்ததும் விரலை நகர்த்திக் கண் தேடலிடம் ஒப்படைக்கிறேன். இதை அமைக்கப் பத்து நிமிடம்தான் ஆகும். எனக்கு இதைவிடப் பலன் தந்த மாற்றம் வேறில்லை.

படி 4: எவ்வளவு பிடிவாதம்

பறவைக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு கிளை வருகிறது, அல்லது புள்ளி பறவையை விட்டு நழுவுகிறது. கேமரா உடனே புதிய பொருளுக்குத் தாவட்டுமா, கொஞ்சம் பொறுக்கட்டுமா? இதைத்தான் கேனன் டிராக்கிங் சென்சிட்டிவிட்டி என்கிறது, நிக்கான் லாக்-ஆன் என்கிறது, சோனி ஏஎஃப் டிராக்கிங் சென்சிட்டிவிட்டி என்கிறது.

எண்களில் கவனம் வேண்டும். கேனனில் கழித்தல் பக்கம் போனால் பிடிவாதம் கூடும். நிக்கானில் 1 என்றால் சட்டென்று தாவும், 5 என்றால் பொறுக்கும். சோனியில் தலைகீழ்: 1 பிடிவாதம், 5 தாவல். நிக்கானிலிருந்து சோனிக்கு மாறிய நண்பர் ஒருவர் பழைய ஞாபகத்தில் 4 வைத்துவிட்டு, ஃபோகஸ் ஏன் குதித்துக்கொண்டே இருக்கிறது என்று ஒரு மாதம் தவித்தார்.

கேனனில் -1, நிக்கானில் 3 அல்லது 4, சோனியில் 2 என்று தொடங்குங்கள். தனியாகப் பறக்கும் பெரிய பறவைக்கு இது சரி. பழைய கேனன் உடல்களில் ‘கேஸ்’ என்று வரிசையாக இருப்பவற்றில் தடைகளைப் பொருட்படுத்தாமல் தொடரும் கேஸ் 2 இதே வேலையைச் செய்யும். திடீரென்று வேகம் கூட்டிக் குறைக்கும் ஆலா, பஞ்சுருட்டான் போன்றவற்றுக்கு கேஸ் 4 பொருந்தும். நிக்கானில் பறவையின் அசைவு சீரானதா, தாறுமாறானதா என்று இன்னொரு தெரிவும் இருக்கும். கூழைக்கடாவுக்குச் சீரானது, தகைவிலானுக்குத் தாறுமாறு.

பிடிவாதத்தைக் கூட்டினால் எப்போதும் நல்லது என்று எண்ண வேண்டாம். முதலில் பிடித்ததே மரத்தை என்றால், அந்த மரத்தையும் அதே பிடிவாதத்தோடு வைத்துக்கொள்ளும். அப்போது பட்டனை அழுத்தியபடி காத்திருந்து பயனில்லை. விரலை எடுத்து, பறவை மேல் புள்ளியை வைத்து, மறுபடி அழுத்துங்கள். இந்தப் பழக்கம் ஒன்றே பல படங்களைக் காப்பாற்றும்.

படி 5: எடுக்கவா, காக்கவா

ஃபோகஸ் சேராவிட்டாலும் பட்டன் அழுத்தியதும் எடுப்பது ரிலீஸ் முன்னுரிமை. சேர்ந்த பிறகே எடுப்பது ஃபோகஸ் முன்னுரிமை. நான் முதல் படத்துக்கு ஃபோகஸ், அடுத்தடுத்த படங்களுக்குச் சமநிலை என்று வைக்கிறேன். சோனியில் சமநிலை என்றே ஒரு தெரிவு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஃபோகஸ் முன்னுரிமை கொடுத்தால் பர்ஸ்ட் தடுக்கித் தடுக்கி ஓடும், சிறகு அழகாக விரியும் கணம் அந்த இடைவெளியில் போய்விடும்.

படி 6: லென்ஸிலும் உடலிலும் மீதி இருப்பவை

லென்ஸின் பக்கத்தில் தூர வரம்புக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். நிக்கான் 200-500-இல் 6 மீட்டரிலிருந்து முடிவிலி வரை, சோனி 200-600-இல் 10 மீட்டரிலிருந்து முடிவிலி வரை என்று வைக்கலாம். லென்ஸ் தேடி ஓடும் தூரம் குறைவதால் ஃபோகஸ் வேகமாகத் திரும்பும்.

ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்கு மேல் போனால் அதிர்வு தடுப்பு பெரும்பாலும் தேவைப்படாது. வைத்திருந்தாலும் பக்கவாட்டு நகர்வுக்கான மோட் 2-இல் வையுங்கள், நிக்கானில் ஸ்போர்ட். சாதாரண மிரர்லெஸ் சென்சாரில் எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் அடிக்கும் சிறகு வளைந்து விழலாம், மெக்கானிக்கலே நல்லது.

ஷட்டர் வேகம் கூழைக்கடாவுக்கு 1/1250 போதும், நாரைக்கு 1/1600, ஆலாவுக்கும் மீன்கொத்திக்கும் 1/3200. வெளிச்ச அளவை நான் கையாலேயே பூட்டிவிடுகிறேன். காலை எட்டு மணி வெயிலில் 1/2500, எஃப் 6.3, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 800 என்பது ஒரு நல்ல தொடக்கம், வெள்ளைப் பறவை என்றால் ஐஎஸ்ஓ 500-க்கு இறக்கலாம். வானத்திலிருந்து மரத்துக்குப் பறவை நகரும்போது பின்னணிதான் மாறுகிறது, பறவை மேல் விழும் வெயில் மாறுவதில்லை. மடையானை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். சேற்று நிறத்தில் உட்கார்ந்திருக்கும், எழுந்தால் சிறகு முழுக்க வெள்ளை. உட்கார்ந்திருந்தபோது வைத்த அளவில் பறக்கும் படத்தை எடுத்தால் சிறகில் ஒரு இறகும் தெரியாது.

படி 7: கையும் கண்ணும்

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் குளிர்காலத்தில் மீசை ஆலாக்கள் நீர்ப்பரப்புக்கு மேலே ஒரே தடத்தில் போய்த் திரும்பி வரும். தலையைக் குனிந்து தண்ணீரைப் பார்த்தபடியே வரும், சட்டென்று ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும், வாலை விரிக்கும், அலகால் நீரைத் தொட்டு எழும். முதல் சுற்றில் கேமராவைத் தூக்காதீர்கள், பாருங்கள். எங்கே திரும்புகிறது, எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டு அந்த இடத்தின் தூரத்துக்கு முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் சுற்றில் அது தூரத்தில் சிறிதாக இருக்கும்போதே பிடியுங்கள். படம் நிறையும் அளவுக்கு வந்தபின் பிடிக்கலாம் என்று காத்திருந்தால் கேமராவுக்கு வேகத்தைக் கணிக்க நேரமே கிடைக்காது. கட்டை விரலை அழுத்தி ஓரிரு நொடி படம் எடுக்காமல் தொடர்ந்து போய், பிறகு நாலைந்து படங்களாக விட்டு விட்டு எடுங்கள். பறவை வ்யூஃபைண்டருக்குள் அகப்படவில்லை என்றால் ஜூமைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துவிட்டு முன்னால் தள்ளுங்கள். இன்னொரு கண் திறந்தே இருக்கட்டும். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்க, இடுப்பிலிருந்து திரும்புங்கள்.

எழும்பப் போகும் பறவை சொல்லிவிட்டுத்தான் எழும்பும். உடம்பை முன்னால் சாய்க்கும், கால்களை மடக்கும், பெரிய பறவைகள் பலவும் அதற்குச் சற்று முன் எச்சமிடும். அந்தக் கணத்திலேயே கட்டை விரல் பட்டன் மேல் இருக்க வேண்டும். பறக்க வைப்பதற்காகக் கல்லெறிவதும் கை தட்டுவதும் மட்டும் வேண்டவே வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் ஒரு நாரை எழுந்தால் கூட்டில் இருக்கும் முட்டையும் குஞ்சும் காக்கைக்குத் திறந்து கிடக்கும். கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டும் அளவுக்குப் பறவைகள் ஊர்க்காரர்களை நம்புகின்றன. அங்கே பொறுமையாக நின்றாலே தலைக்கு மேல் வரும்.

காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் எழும், எதிர்த்துத்தான் இறங்கும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் காலைச் சூரியனும் கிழக்கே, காற்றும் வடகிழக்கே. இரண்டையும் முதுகுக்கு வைத்து நின்றால் முகத்தில் வெயிலோடு பறவை உங்களை நோக்கி இறங்கும். கோடைக் காலையில் சென்னைப் பக்கம் நிலக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும், அதே இடத்தில் நின்றால் வால்தான் கிடைக்கும்.

படம் தப்பியிருந்தால்

அழிப்பதற்கு முன் பெரிதாக்கி, எது கூர்மையாக இருக்கிறது என்று தேடுங்கள். பின்னணி கூர்மை என்றால் வட்டாரம் பெரிது, அல்லது நீங்கள் பிடித்தது தாமதம். அருகுச் சிறகு கூர்மை, கண் கலங்கல் என்றால் ஸோன் செய்த வேலை. உடம்பு கூர்மை, சிறகு நுனி மட்டும் இழுபட்டிருந்தால் ஃபோகஸ் சரி, ஷட்டர் வேகம்தான் போதவில்லை. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. உட்கார்ந்த பறவையிலும் எப்போதும் ஒரே அளவு முன்னாலோ பின்னாலோ விழுகிறது, அதுவும் டிஎஸ்எல்ஆரில் என்றால், ஃபோகஸ் விழும் இடத்தைச் சற்று முன்பின் நகர்த்தும் ஏஎஃப் ஃபைன்-ட்யூன் செய்து பாருங்கள். எங்குமே கூர்மை இல்லை, விளிம்புகள் நெளிகின்றன, பகல் பதினோரு மணி, பறவை ஏரிக்கு அந்தப் பக்கம் என்றால் அது கானல். எந்த அமைப்பாலும் அதைச் சரிசெய்ய முடியாது, கேமராவைப் பையில் வைத்துவிட்டு மறுநாள் காலை ஆறரைக்கு வாருங்கள்.

இவ்வளவையும் ஏரிக்கரையில் நின்று முதன்முதலாக முயல வேண்டாம். மொட்டை மாடிக்குப் போங்கள். சாயங்காலம் நாலு மணிக்குக் கள்ளப்பருந்துகள் வட்டமிடும், நீல வானம், மெதுவான பறவை. ஒரு வாரம் அதிலேயே படி 3 வரை பழகுங்கள். அடுத்த வாரம் எதிர்வீட்டு மாடியிலிருந்து எழும் மாடப்புறாக்கள். அவற்றுக்குப் பின்னால் கட்டடமும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கும், படி 4-இன் அருமை அப்போது தெரியும். பத்தில் ஐந்து கூர்மையாக வரத் தொடங்கியதும் அந்த அமைப்பை மோட் டயலில் சி1 அல்லது யு1 இடத்தில் சேமித்து வையுங்கள், அந்த வசதி இல்லாத உடலாக இருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் ஏரிக்குப் போகலாம், முதலில் கூழைக்கடா, அப்புறம் நாரை, அப்புறம் ஆலா. தகைவிலானைக் கடைசிக்கு வையுங்கள்.